கேட்காதவர்

"குழந்தை அழுதா அம்மாவுக்கு எப்படிங்க கேக்கும்? முதல்ல அதைச் சொல்லுங்க!"

பனி ஒட்டிய காலணியைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றார் குழந்தைகள் நல அதிகாரி விட்லோ. காது கேளாத நிவியாக்கின் குழந்தையைத் தெற்கே நகரத்துக்கு அனுப்பிவிடலாமா என்று பார்க்க, வடதுருவப் பனிப் பகுதியில் இருந்த அந்த இனுயிட் பழங்குடி ஊருக்கு விமானத்தில் வந்திருந்தார். விசாரணையைக் கண்காணிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கத்து லுக்காசி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மூலையில் ஒரு பெண் குனிந்து கடல்நாய்த் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். விட்லோ அவள் முன்னால் கையை ஆட்டினார்.

"வ...ண...க்...க...ம்!"

அவள் நிமிரவே இல்லை.

"பாத்தீங்களா?" என்று திரும்பினார். மேலங்கியின் முதுகுப் பையில் குழந்தையைச் சுமந்தபடி இன்னொருத்தி தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"உங்களுக்கு இவங்க என்ன வேணும்?" என்று மூலையைக் காட்டி அவளிடம் கேட்டார் விட்லோ.

"நாத்தனார் சார். ஆனா..."

விட்லோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து லுக்காசி அவளுக்குக் கண்ஜாடை காட்டினார்.

திடீரெனத் தேநீர் தந்தவள் கெட்டிலை வைத்துவிட்டு, குழந்தையை முதுகிலிருந்து வெளியே எடுத்து வாளிக்கு மேலே பிடித்தாள். குழந்தை சர்ரென்று மூத்திரம் போனது.

"அட, சிணுங்கக்கூட இல்லையே! எப்படித் தெரிஞ்சுது?"

"உடம்பு லேசா விறைச்சாலே முதுகுல தெரிஞ்சிடும் சார்."

விட்லோ நெகிழ்ந்துபோனார். "குழந்தை உங்க கையிலேயே இருக்கட்டும். எங்கேயும் அனுப்ப வேண்டாம்."

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றார் லுக்காசி. "ஊருக்குப் போனா மறந்துடுவீங்க."

'இவரிடம் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது. பிரிக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் விட்லோ. பிறகு, பெயருக்காக மேலே விட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"உங்க பேரு?"

"நிவியாக்."

பேனா அப்படியே நின்றது. "அப்போ... காது?"

"பதினஞ்சு வயசுல காய்ச்சல்ல போச்சு. நீங்க பேசறதை உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவேன். வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

லுக்காசி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"அப்போ இவங்க?" விட்லோவின் விரல் மூலையைக் காட்டியது.

அந்தப் பெண் நூலைப் பல்லால் அறுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு நல்லாவே காது கேக்கும். போன வருஷம் என் பையனைத் தூக்கிட்டுப் போனீங்கல்ல, அதுலேர்ந்து உங்க ஆளுங்களோட நான் பேசறதில்ல. இன்னிக்குப் பேசறேன். பேனாவை மூடாதீங்க, அவன் பேரையும் எழுதுங்க."