தேறாத விண்ணப்பம்

"எத்தனை பேரு வந்து தோத்துட்டுப் போனாலும் உங்க ஜனங்களுக்கு உறைக்கவே மாட்டேங்குதே?"

படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் லூமிஸ் டாக்கெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அந்தச் சின்ன மாவட்டத்தில் பதினோரு வருடங்களாக வாக்காளர் பதிவு அலுவலர் அவர்தான். வாக்காளராகப் பதிய அவர் வைக்கும் தேர்வில் தேற வேண்டும்; இந்த 1963 வரை அதில் ஒரு கறுப்பர்கூடத் தேறியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மேஜைக்கு முன்னால் நின்ற கறுப்பினப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிற உடுப்பு, கையில் ஒரு தோல் பை. பெயர் வெர்டெல் மேஹ்யூ என்றாள். வாக்காளர் பதிவு விஷயமாக வந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினாள்.

"அதுக்குத்தானே எல்லாரும் வர்றீங்க. பேச்சு வேணாம். எழுது," என்று விண்ணப்பத்தை அவள் முன் வீசினார்.

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு உட்காரப் போனாள். நாற்காலி வெள்ளையருக்கு மட்டும் என்றார். நின்றுகொண்டே எழுதினாள்.

மாநில அரசியல் சட்டத்தில் அவர் காட்டும் பிரிவை அப்படியே எழுதி, அதற்கு விளக்கமும் தர வேண்டும். டாக்கெட் தேடிப் பிடித்து, வரிவிலக்கு பற்றிய நீளமான பிரிவு ஒன்றைக் கொடுத்தார். அது அவருக்கே புரிந்ததில்லை.

இதற்கிடையில் வெள்ளைக்காரப் பருத்தி விவசாயி ஒருவர் வந்தார். அவருக்கு ஒற்றை வரிப் பிரிவு. அதையே எழுத்துக் கூட்டத் திணறியவருக்கு, டாக்கெட்டே விளக்கத்தையும் சொல்லிக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பி வைத்தார். வெர்டெல் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்று பக்கங்களை நீட்டினாள். டாக்கெட் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"தேறல. போயி யாரு வீட்டுலயாவது தரையைத் துடை."

"காரணத்த எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்," என்றாள் அவள், குரல் உயராமல்.

எழுதித் தந்தால் மட்டும் இவளால் என்ன செய்துவிட முடியும் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. 'விளங்கிக்கொள்ளும் அறிவு போதாது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டார்.

வெர்டெல் தோல் பையைத் திறந்து, நீதிமன்ற முத்திரையிட்ட ஆணை ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு ஓட்டு மேரிலாந்துல இருக்கு சார். மத்திய அரசோட கம்ப்யூட்டர் பிரிவு ஒண்ணுக்கு நான் தலைவி. பதினோரு வருஷமா இங்க யாருக்கு எந்தக் கேள்வி கொடுத்தீங்க, யாரு தேறினாங்க, யாரு தேறலன்னு கணக்குப் போட்டு நீதிபதிக்குச் சொல்லணும். அதுக்காக மொத்த விண்ணப்பத்தையும் வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். முதல் பக்கத்துல முகவரியையாவது படிச்சிருந்தா, நான் இந்த ஊர்க்காரி இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."