அரைக் கடுகு

அளவை அலுவலகத்தின் முற்றத்தில் இரண்டு சங்கிலிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

ஒன்று கப்பலில் வந்து நேற்றுதான் பெட்டி பிரிக்கப்பட்டது. பிடியில் மகாராணியின் கிரீட முத்திரை பளபளத்தது. மற்றது சங்கிலிக்காரர் ஏழு வருடமாக ஊர் ஊராக இழுத்து நிலம் அளந்த பழைய சங்கிலி.

பழையது ஒரு சாண் நீளமாக இருந்தது.

துரை குனிந்து பார்த்தார். நிமிரும்போது சிரித்தார். வாசலில் நின்ற காவலர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"என்னய்யா இது, உன் வீட்டுச் சாப்பாட்ட சங்கிலிக்கும் போட்டியா? இப்படி வளந்து நிக்குது!" என்றார் குமாஸ்தா.

சங்கிலிக்காரரின் கண் பழைய சங்கிலியின் வளையங்கள் மேல் போனது.

ஒரு சங்கிலியில் நூறு கண்ணிகள். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே மூன்று மூன்று வளையங்கள். வட்டமான வளையத்தைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் முட்டை வடிவாகி அரைக் கடுகு அளவு நீளும். கண்ணுக்குத் தெரியாது. முந்நூறு அரைக் கடுகு சேர்ந்தால் ஒரு சாண்.

சங்கிலி நீண்டால் நிலம் சுருங்கும். நூறு முறை போட வேண்டிய வயல் தொண்ணூற்றொன்பதாவது முறையிலேயே முடிந்துவிடும். நீளத்திலும் அப்படி, அகலத்திலும் அப்படி. ஆக, நூறு ஏக்கரில் இரண்டு ஏக்கர் காகிதத்தில் ஏறாது. ஏறாத நிலத்துக்கு வரி கிடையாது. அந்த இரண்டு ஏக்கரில் விளைவதுதான் ஊருக்கு அடுத்த வருடத்து விதை.

முதல் இரண்டு வருடம் அவரும் ஒழுங்காகத்தான் அளந்தார். அந்த ஒழுங்கில் சொந்தத் தங்கை வீட்டு நிலம் வரி கட்ட முடியாமல் ஏலம் போனது. உழுதுகொண்டிருந்த தங்கை புருஷன் கொத்தனார் ஆனார். துரைக்குச் சங்கிலி இழுக்கிறவனோடு எனக்கென்ன பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனவர், ஐந்து வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம்தான் சங்கிலிக்காரர் சுத்தியலை எடுத்தார். வளையம் பழுது பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அதே கொத்தனார் இப்போது முற்றத்தின் ஓரத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். இவ்வளவு நடந்தும் முதுகைத்தான் காட்டினார்.

காவலர் நெருங்கி வந்தார். கெஞ்சுவதில்லை என்று சங்கிலிக்காரர் முன்பே முடிவு செய்திருந்தார். தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினார்.

வீடு நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மனைவி தெருவில் இந்தச் சங்கிலியை விரித்துப் போட்டு, அதே நீளத்துக்குத் துணி காயப்போடக் கயிறு வெட்டினாள். இவ்வளவு நீளக் கொடி எதற்கு என்று கேட்டதற்கு, "உங்க ஒரு வேட்டிக்கே பாதிக் கொடி போயிடுது" என்றாள். அந்தக் கொடியை அவள் இன்னும் கட்டவில்லை. இந்த நேரத்தில் அது ஏன் ஞாபகம் வருகிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

துரை கையை உயர்த்திக் காவலரை நிறுத்தினார். அவர் முறை தவறாதவர். எந்தச் சங்கிலியையும் கல்லில் வைத்துப் பார்க்காமல் தப்பு என்று எழுதக் கூடாது என்பது விதி.

முற்றத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கல். கல்லின் தலையில் பித்தளை ஆணி, ஆணியில் ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இருப்பதுதான் ஒரு சங்கிலியின் சரியான நீளம். மாவட்டம் முழுவதற்கும் அந்த இரண்டு கற்கள்தான் நீதிபதி.

பழைய சங்கிலியை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு முனை மேற்குப் புள்ளியில் உட்கார்ந்தது.

மறு முனை கிழக்குப் புள்ளியில் அச்சாக உட்கார்ந்தது.

துரை புதுச் சங்கிலியை வைக்கச் சொன்னார். எவ்வளவு இழுத்தும் ஒரு சாண் எட்டவில்லை. கிரீட முத்திரை அந்தரத்தில் நின்று ஆடியது.

துரையின் முகம் சிவந்தது. தன் தேசத்துப் பட்டறைக்காரர்களைத் தன் மொழியில் வெகு நேரம் திட்டினார். காவலர் விலங்கை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். "புதுசுதான் குட்டையாம். அதையும் கல்லுக்குச் சரியா நீட்டித் தரணுமாம். மத்த தாலுகா சங்கிலி பதினொண்ணும் அடுத்த வாரம் வருதாம். எல்லாம் உன் பொறுப்பாம்."

சங்கிலிக்காரர் நீட்டிய கைகளை அப்போதுதான் இறக்கினார்.

சுத்தியல் வேண்டும். முற்றத்தில் அது இருந்தது கொத்தனாரிடம் மட்டும்தான். சங்கிலிக்காரர் மெதுவாக நடந்தார். கிழக்குக் கல்லைத் தாண்டும்போது கவனித்தார். அதன் அடியில் இருந்த சுண்ணாம்பு மட்டும் புதிதாக, வெள்ளையாக இருந்தது. பக்கத்திலேயே புதுக் கால்வாய். மழைத் தண்ணீர் தன் அறை வாசலில் தேங்குகிறது என்று போன மாதம் துரையே உத்தரவு போட்டு வெட்டியது. குறுக்கே நின்ற கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் திரும்ப நட்டிருந்தார்கள்.

கொத்தனாரின் சாமான் பை திறந்து கிடந்தது. மட்டப்பலகைக்கு அடியில் ஒரு நீளக் கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும், சங்கிலிக்காரரின் மனைவி மட்டுமே போடுகிற அந்த இரட்டை முடிச்சு.

ஐந்து வருடத்தில் முதல் முறையாகச் சங்கிலிக்காரர் அவரிடம் வாயைத் திறந்தார். "மாப்பிள்ள, சுத்தியலக் கொஞ்சம் குடுங்க."

கொத்தனார் பூசுவதை நிறுத்தவில்லை. திரும்பாமலே இடது கையால் சுத்தியலை எடுத்து நீட்டினார்.

"பாத்துத் தட்டுங்க மச்சான். அரைக் கடுகு போதும்."