கரண்டு இல்லாத பகல்

வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வேலியில் அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

வாசல் மண்ணில் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள். மேலே கிடந்ததன் குறுக்கே சாக்பீஸ் கோடு. கோட்டின் மேல் கட்டர் மெஷின், பல்லைப் பதித்தபடி.

சத்தம் இல்லை.

ஜன்னல் வழியாக நீண்டு வந்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்கினார். பிறகுதான் மூச்சு விட்டார்.

நாலடி தள்ளி, வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில். உள்ளே உருண்டையாக ஓர் அசைவு.

"வாங்க சார்! ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

மரத்தடியிலிருந்து வன்னியராஜ் எழுந்தான். மில்லில் அவருக்குக் கீழே பிட்டர் வேலை. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"போனா? அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு."

"சார்ஜ் இல்ல சார். காலையில போன கரண்டு. கட்டரை வச்சு அமுக்குறேன், பொசுக்குன்னு போயிருச்சு. மாசாமாசம் இவங்களோட இதே ரோதனை."

அவர் மெஷினைத் தூக்கிக் கீழே வைத்தார். குனிந்து பார்த்தார்.

நகம் பட்டதுபோல ஒரு கீறல். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுக்குக்கூடத் தூள் இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. மில்லில் மின்தடை என்றால் மின்வாரியத்தைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இன்றைக்கு அங்கிருந்து ஒரு லைன்மேன் எதிரே வந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்.

மில்லின் பழைய கூரையைப் பிரித்தது போன வாரம். பாதுகாப்பு அவர் பொறுப்பு. தண்ணீர் அடித்து, ஊறவைத்து, ஒவ்வொரு ஷீட்டாகக் கைத்தாங்கலாக இறக்கச் சொன்னார். ஒன்றுகூட உடையக் கூடாது என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்.

ஒன்றுகூட உடையவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. உடைந்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். முழுசாக இருக்கிற பொருளை வீணாக்க யாருக்கு மனசு வரும்? பிளாஸ்டிக் சுற்றி, எடுத்துப்போக வரும் லாரிக்காகப் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்தார். அதில் இரண்டை உருவி, ஒரு கை பிடித்துக் குட்டியானை வேனில் ஏற்றிவிட்டதே வாட்ச்மேன்தான். பிள்ளை பெற்ற வீடு, நிழலுக்கு ஆகட்டும் என்று. சற்று முன்பு அதை அவரிடமே பெருமையாகச் சொன்னார், பாராட்டு கிடைக்கும் என்று நினைத்து.

"அன்னைக்கு மூஞ்சியில முகமூடி எதுக்குப்பா மாட்டிவிட்டேன்?"

"முப்பது வருஷத்து அழுக்கு, புறா எச்சம்... அதுக்குன்னு நெனச்சேன் சார். அதான் இங்க கொண்டாந்ததுமே கழுவிட்டேன்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"தண்ணி ஊத்தியா கழுவுன, காஞ்சபடியே தேச்சியா?"

"தண்ணி ஊத்தாம எப்படி சார் கழுவ?"

அவர் அவன் தோளில் கை வைத்தார். தட்டிக்கொடுக்கவா, ஓர் அறை கொடுக்கவா என்று அவருக்கே தெரியவில்லை.

"அழுக்கு இல்லப்பா. ஷீட்டேதான். அறுத்தா தூளு பறக்கும். நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. உன் பிள்ளைக்குக் கல்யாண வயசு வரும்போது இருமல் வரும்."

வன்னியராஜ் காலண்டர் அட்டையைக் கீழே வைத்தான்.

வாசற்படியில் அவன் மனைவி மாரீஸ்வரி நின்றிருந்தாள். வந்தவருக்குக் கொடுக்க எடுத்து வந்த சொம்பு கையிலேயே இருந்தது.

"அப்ப நிழலுக்கு என்ன சார் செய்ய? உள்ள கிடக்க முடியல. பிள்ளைக்கு மேலெல்லாம் வேர்க்குரு."

வன்னியராஜ் ஊன்றி வைத்திருந்த கம்புகளை அவர் பார்த்தார். நேராக இருந்தன. வேலைக்காரன்தான்.

"தென்னங்கிடுகு போடுவோம்மா. நாளைக்குக் காலையில நானே கொண்டாறேன். வெயில் ஏறுறதுக்குள்ள மேஞ்சிருவோம். இந்த ரெண்டையும் இன்னைக்கே மில்லு வண்டி வந்து எடுத்துக்கும்."

சொம்பை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மீதியைக் கீறலின் மேல் ஊற்றி, ஈரக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். கைக்குட்டையைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு முடிச்சிட்டார். புதுக் கைக்குட்டை. போனால் போகட்டும்.

நெடுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அப்போது கரண்டு வந்தது.

தெரு முழுக்க ஓவென்று கத்தியது. வீட்டுக்குள் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. டிவி பாடியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஒன்று ஆளில்லாமல் அலறியது. "ஏ, யாருடி சுவிட்ச அணைக்காம போனது?" என்றபடி யாரோ ஓடினார்கள்.

மிக்ஸி நின்றது.

வன்னியராஜ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கட்டர் பக்கம் திரும்பினான்.

அதன் சுவிட்ச் அமுக்கிய நிலையிலேயே பூட்டிக் கிடந்தது. காலையில் அவன் அமுக்கியது.

பிளக் மண்ணில் கிடந்தது.

மாரீஸ்வரி தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள்.

தூக்கம் கலைந்த பிள்ளை வாயைத் திறந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.