ஆறு மாத அவசரம்

"முடியாதுன்னா முடியாது தம்பி. சட்டப் படிப்புல ஒரு நாளக்கூடக் குறைக்க முடியாது" என்று சொல்லி, கல்விப் பிரிவு அலுவலரம்மா அவனுடைய விண்ணப்பத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

கடைசி வருட மாணவன் அதைத் திரும்ப அந்தப் பக்கமே தள்ளினான்.

காலையிலிருந்தே அவனுக்கு எரிச்சல். இந்த அறைக்கு வெளியே, மூடிய கதவின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருந்தான். யாரோ வெளியே வந்தபோதுதான் உள்ளே நுழைந்தான். கதவைத் திறக்கக்கூடத் தெரியாதா என்று உள்ளே இருந்த எழுத்தர் கிண்டல் வேறு.

ஐம்பது தாள்களில் நாற்பத்தைந்து முடித்தாயிற்று. ஒன்றில்கூடக் கோட்டை விடவில்லை. மீதி ஐந்தையும் வருகிற டிசம்பரிலேயே, அரியர் வைத்தவர்களோடு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன் என்றுதான் கேட்டான். எனக்குப் பரீட்சை வையுங்கள் என்று கெஞ்சிய மாணவனை இந்தக் கட்டடம் இதற்கு முன் பார்த்திருக்காது.

சிறையிலிருக்கும் அண்ணனின் மேல்முறையீடு மார்ச்சில் விசாரணைக்கு வருகிறது. பட்டம் வருவதோ ஜூலையில்.

அண்ணனுக்கு இதுவரை ஏழு வக்கீல்கள். எல்லோரும் இலவசச் சட்ட உதவியில் வந்தவர்கள். ஒருவர் வாய்தா வாங்குவதற்கென்றே பிறந்தவர். இன்னொருவருக்கு நீதிபதியின் முன்னால் அண்ணனின் பெயரே வாயில் வரவில்லை. காகிதத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

அந்த வழக்கின் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் இவனுக்கு மனப்பாடம். சாட்சி, முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் அண்ணனை ஆறு மணிக்குப் பார்த்ததாகச் சொல்கிறார். அடுத்த பக்கத்தில் அதுவே எட்டு மணியாகிவிடுகிறது. ஏழு பேரில் ஒருவரும் எழுந்து அதைச் சொல்லவில்லை. இவன் சொல்லலாம்தான். ஆனால் கறுப்பு அங்கி போட்டுச் சொன்னால்தான் அங்கே காது கேட்கும்.

அலுவலரம்மா விதிப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ஐந்து கல்வி ஆண்டுகள் நிறைவுற்ற பின்னரே பட்டம். அவன் அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறான். அந்தம்மா சொல்வது சரி என்பதுதான் அவன் எரிச்சலை இன்னும் கிளறியது.

"படிச்சு முடிச்சவன எதுக்கு மேடம் சும்மா உக்கார வைக்கிறீங்க?"

அவர் அவனுடைய கோப்பை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். பள்ளியை முடித்த வருடம், கல்லூரியில் சேர்ந்த வருடம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நடுவுல ஒன்பது வருஷம் சும்மா இருந்திருக்கீங்க. இப்ப ஆறு மாசம் பொறுக்க முடியலையாக்கும்?"

எழுத்தரும் சிரித்தார்.

அவன் மேசையில் ஓங்கி அடித்தான். டம்ளர் கவிழ்ந்து, தேநீர் கோப்பின் மேல் ஓடியது. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான். கட்டடமே அதிரும்படி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போக வேண்டும்.

கதவு மூடியிருந்தது. அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம் அவன் கால்கள் தாமாகவே நின்றன.

பின்னால், தேநீரைத் துடைக்கக் கோப்பின் தாள்களைப் பிரித்துப் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு தாள், இரண்டு தாள். மூன்றாவதில் சத்தம் நின்றது. அது என்ன தாள் என்று அவனுக்குத் தெரியும். சேர்ந்த அன்று இடைவெளிக்குக் காரணம் கேட்டார்களே என்று அவனே கொடுத்தது. வாங்கியவர்கள் படிக்காமலேயே கோத்துவைத்தார்கள்.

மத்திய சிறைக் கண்காணிப்பாளரின் முத்திரை. விசாரணைக் கைதி, ஒன்பது ஆண்டு, இரண்டு மாதம். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் முதலாமவர், இவருடைய அண்ணன். இரண்டாமவரான இவர், குற்றமற்றவர் என விடுதலை.

நாற்காலி நகர்ந்தது. எழுத்தர் இப்போது சிரிக்கவில்லை.

அவன் இன்னும் கதவையே பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டு, யாராவது வந்து திறப்பதற்காகக் காத்து நின்றிருந்தான். அலுவலரம்மா அந்தத் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"பூட்டல தம்பி" என்றார். "தள்ளுங்க, தொறக்கும்."