பல் தெரியக் கூடாது

"பல் தெரியக் கூடாதும்மா. சிரிச்ச முகத்தை அந்த ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க" என்று ஏழாவது முறையாகச் சொல்லிவிட்டு, போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் தலையாட்டினாள். வேறு தேசத்திலிருந்து வந்து, மூன்று வருடமாகத் தெருக்கோடித் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். இந்த ஊர்ப் பேச்சை, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நிதானமாகப் பேசுவாள். விசா நீட்டிப்புக்கு இன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்கு ஆபீஸில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். படம் இல்லையென்றால் மனு இல்லை, மனு இல்லையென்றால் வேலை இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மணி மூன்று அடித்துப் பத்து நிமிடமாகியிருந்தது.

கிளிக்.

மறுபடியும் சிரிப்பு. உதட்டோரத்தில் விளக்கைச் சின்னதாக்கி வைத்தாற்போல ஒன்று.

போட்டோக்காரருக்குத் தன்னை நினைத்தே வேடிக்கையாக இருந்தது. முப்பது வருடமாக 'கொஞ்சம் சிரிங்க' என்று ஊரைக் கெஞ்சியே வயிறு வளர்த்தவர். அந்தக் கெஞ்சலில் அவர் முகமே ஒரு தொழில் சிரிப்பாக இறுகிவிட்டது. கழற்றி ஆணியில் மாட்டவும் முடியாது. இப்போது அதே முகத்தோடு ஒருத்தியிடம் சிரிக்காதே என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மதிய வெயில் திரைச்சீலை வழியாகக் கசிந்து, சுவரில் வரைந்திருந்த மேகங்களை நகர்த்திக்கொண்டிருந்தது. வெள்ளைக் குடை விளக்குகள் இரண்டு நிலாக்கள் போல மிதந்தன. அவருக்குப் பின்னால் பெரிய பிரிண்டர் ஒரு படத்தை அங்குலம் அங்குலமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி அதன் சத்தம். நாலு நாளாக அவருக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத்தான் கேட்டது. தூக்கமில்லாததுதான் காரணம் என்று அவரே வைத்தியராகிச் சொல்லிக்கொண்டார்.

"முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க." கையை உயர்த்திக் காட்டினார். மணிக்கட்டில் பச்சை டயல் கடிகாரம் பளிச்சிட்டது.

அவள் தூக்கினாள். ஆனால் கண் லென்ஸில் இல்லை. அவர் தோளுக்கு மேலே எங்கோ போய்ப் போய் வந்தது.

"அந்தப் படம் யாருக்கு?" என்று கேட்டாள்.

"அதுவா? ஒரு அவசர ஆர்டர். சாயங்காலத்துக்குள்ள வேணுமாம். கஸ்டமர் ஒரு மாதிரியான ஆளு, நாலு நாளா என் உயிரை வாங்கறான்."

திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். ஓடுகிற பிரிண்டரைப் பார்த்தால் அது மெதுவாகிவிடும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

பிறகு, ஏதாவது சோகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். பிறந்த வீடு, அம்மா, ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் என்று அவரே பட்டியலும் எடுத்துக் கொடுத்தார். சிரிப்பு அசையவில்லை. சரி, தன் கதையைச் சொன்னால் சலிப்பிலாவது முகம் தொங்கும் என்று கணக்குப் போட்டார்.

"என் கல்யாணப் போட்டோவுல நான் சிரிக்கவே இல்லம்மா. எடுத்தவன் தலைகீழா நின்னும் பாத்தான். கடைசியில பக்கத்துல நின்னவ ரெண்டு பேருக்கும் சேத்து சிரிச்சுட்டா."

அவள் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது. கண் மட்டும் பளபளத்தது.

கிளிக். அதுவும் வீண். மூன்று இருபத்தைந்து.

போட்டோக்காரர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் லென்ஸ் பல தேசத்து முகங்களைப் பார்த்திருக்கிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். திட்டு வாங்கும்போது சிரிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் தன் அண்ணன் செத்த செய்தியையே, கேட்கிறவர் மனம் நோகக் கூடாதென்று, இளித்துக்கொண்டே சொன்னார். இவளும் அந்த வகைதான். ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தை இப்படி மூடி வைத்திருக்கிறாள். அவருக்கு மனசு இளகியது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்றார். "உங்க ஊர்ல துக்கத்தை இப்படித்தான் சிரிச்சு மறைப்பாங்களா? இங்க யாரும் இல்ல. அழணும்னா அழுதுடுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."

அவள் தலையை அசைத்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தாள்.

"எனக்குத் துக்கம் இல்ல சார். எங்க ஊர்ல, துக்க வீட்டுக்காரர் சிரிச்சுப் பேசினா, எதிர்ல இருக்கறவங்களும் கூடவே சிரிக்கணும். அவரைத் தனியா சிரிக்க விடக் கூடாது. நீங்க நிறுத்துங்க, நானும் நிறுத்திடறேன்."

போட்டோக்காரர் அன்று முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

காகிதம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அடியில் பிறந்த தேதி, அதன் பக்கத்தில் போன திங்கட்கிழமையின் தேதி. அதற்கு மேலே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்த வாய். தோளில், எவ்வளவு முயன்றும் அவரால் அழிக்க முடியாமல் போன ஒரு கை. அதன் மணிக்கட்டில் பச்சை டயல் கடிகாரம்.

அவர் கேமரா பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஸ்டூலில் இருந்தவள் முகத்திலும் இல்லை.

கிளிக்.