ஸ்கூட்டருக்குப் பின்னால்

கப்பலேறிய நாளிலிருந்தே மாப்பிள்ளைக்கு நாக்குத் தள்ளியது. நடக்க முடியாத மாமனாரும் மாமியாரும் பேட்டரி ஸ்கூட்டரில் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி வர, துணைக்கு வந்த பாவத்துக்கு இவர் பின்னாலேயே ஓடினார்.

"மாப்பிள்ளே, இன்னொரு ரவுண்டு!"

கடல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்கக்கூட நேரமில்லை. பொறுக்க மாட்டாமல், ஒருநாள் இரண்டு வண்டிக்கும் சார்ஜ் போடாமல் விட்டுவிட்டார்.

காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மாமா, வண்டி ரெண்டும் கிளம்ப மாட்டேங்குது" என்றார்.

"அப்பாடா! இடுப்பே விட்டுப்போச்சு" என்று மாமியார் கட்டிலில் சாய்ந்தார்.

மாமனார் மகளுக்குப் போன் போட்டார். "பாப்பா, வண்டி படுத்துடுச்சு, இன்னிக்கு எங்களுக்கு லீவு. நீ கவலைப்படாதே, உன் புருஷனுக்கு டாக்டர் சொன்ன நடையை நாளைக்குச் சேர்த்து வாங்கிடறோம்."