மூக்கில் மூன்று அடுக்கு

"யாரு பண்ணின வேலை இது?"

இன்ஜினியரம்மா கேட்டதும் படகுப் பட்டறையில் ஆளாளுக்கு ஒரு மூலையில் வேலை தேடிக்கொண்டார்கள்.

வேறென்ன செய்வார்கள்? ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் வரைந்த புதுப் படகு. வாடகைக்கு விடுவதற்கென்றே செய்த ஃபைபர் படகு. எட்டுப் பேர் உட்காரலாம். பேட்டரியில் ஓடும். காலையில் முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கினால், மூக்கு நாலு விரல் அமுங்கி, கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிற ஆள் மாதிரிக் குனிந்து நிற்கிறது.

மூன்று மணிக்கு வாடகைப் படகுக்காரர் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் இதே மாதிரி இன்னும் பத்து. பிடிக்காவிட்டால் பட்டறையில் ஈயோட்ட வேண்டியதுதான்.

"என் கணக்குல தப்பே இல்ல. முன்பக்கம்தான் வெயிட் ஏறியிருக்கு. மூக்குல எத்தனை அடுக்கு ஃபைபர் போட்டீங்க?"

"படத்துல எட்டுன்னு இருந்துச்சு. எட்டுதாம்மா போட்டோம்" என்றார் மேஸ்திரி.

சொன்னது பொய். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மிச்சம் கிடந்த ஃபைபர் விரிப்பு ஒன்றை ரெசின் பசையில் நனைத்து மூக்கில் கமுக்கமாக ஒட்டிவிட்டவர் அவர்தான்.

வாடகைப் படகு எடுப்பவர்களின் லட்சணம் அவருக்குத் தெரியும். கரையைக் கண்டதும் நேராகக் கொண்டுபோய் முட்டுவார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது குழந்தைகள். ஒரு அடுக்கு கூடப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தார். இப்போது மூக்கு முழுகிக்கொண்டிருந்தது.

"சரி, எரிச்சுப் பார்த்துடலாம்" என்றார் இன்ஜினியரம்மா.

மேஸ்திரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கயிறு கட்டும் வளையத்துக்காக மூக்கில் துளை போட்டபோது வெட்டியெடுத்த வட்டத் துண்டு ஒன்று கிடந்தது. அதை நெருப்பில் போட்டால் ரெசின் எரிந்துபோகும். கண்ணாடி இழையான ஃபைபர் மட்டும் ஏடு ஏடாக நிற்கும். எண்ணிவிடலாம்.

துண்டு எரிந்து ஆறியதும் இன்ஜினியரம்மா இடுக்கியால் ஒவ்வொன்றாக உரித்தார்.

"ஏழு... எட்டு... ஒன்பது..."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து... பதினொண்ணு!"

மேஸ்திரி கண்ணைத் திறந்தார்.

"படத்தை மதிக்காதவங்களுக்கு இங்க வேலை இல்ல. உருளை, உங்க கைவரிசைதானே?"

உருளை என்பது, விரிப்பை அழுத்தி ஒட்ட ரோலர் பிடிப்பவனின் பட்டப்பெயர். வீட்டில் மூன்று பிள்ளைகள். பேயறைந்தவன் மாதிரி நின்றான். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. போனால் நம் வேலை போகட்டும்.

"அவனை விட்டுடுங்கம்மா. நான்தான் போட்டேன். ஆனா சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணா? மூணு கூட இருக்கே!"

"ஒண்ணு நான்தான் மேடம்" என்று முனகினான் உருளை. "அண்ணன் டீ குடிக்கப் போனப்ப..."

"அடப்பாவி!" என்றார் மேஸ்திரி.

"பசங்க முன்னாடிதானேண்ணே உக்காருவாங்க?"

விரிப்பு வெட்டுகிற கத்தரி அக்கா மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"வெட்டின துண்டுக்கெல்லாம் அடுக்கு நம்பர் போடறது நான்தானே. அஞ்சுன்னு ரெண்டு துண்டுல எழுதிட்டேன். இவங்களும் ரெண்டையும் போட்டுட்டாங்க."

"தெரியாம எழுதிட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

இன்ஜினியரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆளாளுக்குப் பாசத்தைக் கொட்டினா படகு எப்படி மிதக்கும்? நான் படம்னு ஒண்ணு எதுக்கு வரையறேன்? ஒருத்தருக்காவது என்மேல நம்பிக்கை இருக்கா? உங்களையெல்லாம் என்ன பண்றதுன்னு சாயங்காலம் பேசிக்கறேன். இப்ப முன் சீட்டுக்கு அடியில இருக்கற பேட்டரியைத் தூக்கிப் பின்னாடி வைங்க. சீக்கிரம்!"

பேட்டரி பின்னால் போனதும் மூக்கு நிமிர்ந்தது. மேஸ்திரிக்கும் மூச்சு வந்தது.

சொன்னபடி மூன்று மணிக்கு வாடகைக்காரர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நானே ஓட்டறேன்" என்று ஏறினார். மனுஷனுக்கு வாடகை வாங்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. திரும்பி வரும்போது நேராகத் துறைக் கல்லில் கொண்டுவந்து முட்டினார்.

டமார்!

எல்லோரும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார்கள். பெயிண்டில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

வாடகைக்காரர் அசடு வழிந்தபடி இறங்கி, மூக்கைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே! இதே மாதிரி பத்து செஞ்சுடுங்க. மூக்கு மட்டும் இதைவிட ஒரு துளி குறையக்கூடாது."

அவர் கார் கிளம்பியதும் பட்டறையே கொண்டாட்டமானது. யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை என்று இன்ஜினியரம்மா சொல்லிவிட்டார். இருந்தும் மேஸ்திரிக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. தயங்கித் தயங்கி இன்ஜினியரம்மாவின் மேஜைப் பக்கம் போனார்.

"ஒரு சந்தேகம்மா. மூணு அடுக்குக்கு மூக்கு ரெண்டரை விரல்தான் அமுங்கணும். ஆனா நாலு விரல் அமுங்கிச்சே. மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு?"

இன்ஜினியரம்மா உருளையும் கத்தரி அக்காவும் எங்கே இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்ணும் எந்தப் படகுல ஏறினாலும் முன் சீட்டுக்குத்தான் ஓடுவா, மேஸ்திரி. கணக்குப்படி மூக்குக்கு ஆறு அடுக்கே போதும். கணக்கு முடிச்ச அப்புறம் படத்துல எட்டுன்னு மாத்தினது நான்தான்."